செம்பனை எண்ணெயும் மட்கும் பிளாஸ்டிக்கும்

 

கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களின் நாற்றங்கால்களில் செம்பனைக் கன்றுகள் கறுப்பு பிளாஸ்டிக் பைகளில் வளர்வதை நாம் காண்கிறோம். ஏறத்தாழ ஓராண்டு சென்றபின், கன்றை நடும் நாளில் பையைக் கிழித்து எறிந்துவிடுகிறோம். அக்கன்று மரமாகி, 25 ஆண்டுகள் குலை தந்து, முதுமையால் வீழ்த்தப்பட்ட பின்னரும் பையின் துண்டு மண்ணில் மட்காமல் கிடக்கக்கூடும்.

பிளாஸ்டிக் என்பது சிறு மூலக்கூறுகள் பூச்சரம்போல் கோக்கப்பட்ட நெடுஞ்சங்கிலி. பெட்ரோலியத்திலிருந்து செய்யப்படும் அப்பையின் சங்கிலியை அறுக்க வல்ல நுண்ணுயிர்கள் மண்ணில் மிக அரிது. ஆயின், தாவரத்திலிருந்து செய்தால் எல்லாம் மட்கிவிடுமா? அதுவும் இல்லை. நம் சட்டைத் துணியிலும் குடிநீர்ப் போத்தலிலும் உள்ள பாலியெஸ்டரின் ஒரு பகுதியைக் கரும்பிலிருந்தும் பெறலாம்; சங்கிலி அதுவே ஆதலால் அதுவும் மட்காது. சோள மாவுப்பொருளிலிருந்து கிடைக்கும் பாலிலாக்டிக் அமிலப் பிளாஸ்டிக் மட்கும். எனினும் ஏறத்தாழ 60 பாகை வெப்பமுள்ள உரக்கூடம் அதற்கு வேண்டும். கால்வாயில் எறிந்தால் நெடுங்காலம் கிடக்கும். விளம்பரத்தில் பச்சை இலைப் படத்தைக் கண்டதும் மயங்கலாகாது.

1926-ஆம் ஆண்டில் மோரிஸ் லெமுவாஞ் என்ற பிரெஞ்சு அறிஞர், ஒருவகை பாக்டீரியாவின் உடலுக்குள்ளேயே பாலியெஸ்டர் இருப்பதைக் கண்டறிந்தார். நாம் மிகுதியாக உண்டால் உடலில் கொழுப்பு சேர்கிறதல்லவா? அதுபோல, உணவு மிகுந்து நைட்ரஜன் முதலிய சத்துகள் குறையும்போது இவ்வுயிரி பாலியெஸ்டரைச் சிறு மணிகளாகச் சேமிக்கிறது. பஞ்சம் வரும்போது அதையே உண்கிறது. மண்ணிலும் கடலிலும் வாழும் வேறு பல நுண்ணுயிர்களும் அதனைச் செரிக்க வல்லவை. அதனாலேயே அது மட்குகிறது. இதற்கு பி.எச்.ஏ. என்று பெயர்.

இனி நம் தோட்டத்துக்கு வருவோம். உங்கள் பெற்றோர் நீண்ட கழியில் கட்டிய அரிவாளால் அறுத்து இறக்கும் குலையின் எண்ணெய், இவ்வுயிரிக்கு மிகச் சிறந்த உணவு. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் குமார் சுதேஷ் குழுவினர் இதனை நெடுங்காலமாக ஆராய்ந்து வருகின்றனர். குப்ரியாவிடஸ் நெக்காட்டர் என்னும் பாக்டீரியா, தன் உலர் எடையில் நூற்றுக்கு 80 பங்குவரைகூட பாலியெஸ்டரைச் சேமிக்கக்கூடியது. சிரிம் நிறுவனமும் 2011-இல் ஷா ஆலாமில் ஒரு சோதனை ஆலையைத் தொடங்கியது. சமையலுக்குரிய எண்ணெயைப் பைக்குச் செலவிடலாமா என்று கேட்பது நியாயமே. ஆதலால்தான் எண்ணெய் ஆலையின் கழிவுநீரையும் இதற்குப் பயன்படுத்த முயல்கின்றனர். அக்குட்டைகளின் நாற்றத்தை அறியாதார் நம்மில் யார்?

பெருந்தடை விலையே. சாதாரணப் பிளாஸ்டிக்கைவிட இது பன்மடங்கு விலையுள்ளது. 2017-இல் சிலாங்கூர்க் கடைகளில் பைக்கு 20 காசு கேட்கத் தொடங்கியபோதே நாம் முணுமுணுத்தோம்! எனவே எல்லாப் பொருளுக்கும் இது ஏற்றதன்று. இறுதியில் மண்ணிலோ நீரிலோ தங்கிவிடும் பொருள்களுக்கே முதலில் பொருந்தும். நாற்றுப் பை அத்தகையது. நாள்தோறும் நீர் ஊற்றும் ஈரத்தை ஓராண்டு தாங்கி, அதன் பின்னரே மட்குமாறு செய்வதுதான் கடினம். அது கைகூடினால், நடவு நாளில் பையைக் கிழிக்கும் வேலையே இராது. கன்றோடு பையும் குழியில் இறங்கிவிடும்.