மூட்டுவலி நோயாளிகளுக்கு மறதி ஏன் வருகிறது?



காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியாமல் நெடுநேரம் அவதிப்பட வைக்கும் முடக்குவாதம் நம் பகுதியில் பலர் அறிந்த நோய். கன்னத்தில் சிவந்த தடிப்பு, காய்ச்சல், முடி உதிர்வு, மூட்டுவலி என்று வரும் லூபஸ் அந்த அளவுக்குத் தெரிந்ததல்ல. லூபஸ் வருபவர்களில் 10 பேருக்கு 9 பேர் பெண்கள்; அதிலும் பிள்ளை பெறும் வயதில் உள்ளவர்களே அதிகம்.

இந்த நோயாளிகள் வலியைப் பற்றி எல்லோரிடமும் சொல்கிறார்கள். மறதியைப் பற்றிச் சொல்லத் தயங்குகிறார்கள். அடுப்பில் பாலை வைத்தது நினைவில் இல்லை. தொழுகையில் எத்தனை ரக்அத் ஆனது என்று தெரியவில்லை. கடையில் மீதிச் சில்லறை கொடுக்கக் கணக்கு வரவில்லை. சொல்ல வந்த வார்த்தை நாக்கு நுனியில் நின்றுவிடுகிறது. வீட்டாரோ இதைச் சோம்பல் என்கிறோம், அக்கறையில்லை என்கிறோம், கண்ணேறு என்றுகூடச் சொல்லிவிடுகிறோம்.

இந்த மறதிக்கு அந்த நோயே காரணமாக இருக்கலாம். 1999-இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர்களின் அமைப்பு, லூபஸ் நோயால் மூளையிலும் நரம்புகளிலும் வரக்கூடிய 19 வகைப் பாதிப்புகளை வரையறுத்தது. நினைவு, கவனம், யோசிக்கும் வேகம் ஆகியவை குறைவதும் அவற்றில் ஒன்று. முடக்குவாதம், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் போன்ற நோய்களிலும் இது காணப்படுகிறது.

நம் உடலில் உள்ள நோய் எதிர்ப்புச் சக்தி வெளியிலிருந்து வரும் கிருமிகளோடு போராட வேண்டியது. இந்த நோய்களில் அது ஆள் மாறி, சொந்த உடலையே தாக்குகிறது. அப்போது உண்டாகும் அழற்சிப் பொருட்கள் இரத்தத்தில் சுற்றி மூளையின் வேலையையும் மந்தமாக்குகின்றன. காய்ச்சல் நேரத்தில் நமக்கு எதிலும் மனம் ஊன்றாமல் போகிறதே, அதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலோருக்கு இது முதுமையில் வரும் ஞாபகமறதி நோயைப் போல நாளுக்கு நாள் முற்றுவதில்லை. நோய் கூடும்போது கூடி, தணியும்போது தணிவதுண்டு.

வேறு காரணங்களும் சேர்ந்துகொள்ளும். வலியால் தூக்கம் கெடுவது, இரத்தசோகை, தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, ஸ்டீராய்டு மாத்திரையின் விளைவு ஆகியவை முக்கியமானவை. இவற்றில் பலவற்றைச் சாதாரண இரத்தப் பரிசோதனையிலேயே கண்டுபிடித்துச் சரிசெய்யலாம். அதனால்தான் மறதியையும் மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்கிறோம்.

மறைத்தால் என்ன ஆபத்து? முடக்குவாதத்துக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே சாப்பிட வேண்டும். மறதியில் அதைத் தினமும் சாப்பிட்டால் வாய்ப்புண் வந்து, இரத்த அணுக்கள் குறைந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். ஸ்டீராய்டு மாத்திரையை மறந்தோ, வேண்டாம் என்றோ திடீரென நிறுத்துவதும் ஆபத்துதான்.

ஆகவே வீட்டில் சில ஏற்பாடுகள் செய்துகொள்வோம்:

• வார மாத்திரைக்கு ஒரு கிழமையை நிச்சயித்து, மாத்திரை அட்டையிலும் நாட்காட்டியிலும் தமிழில் பெரிதாக எழுதுங்கள். அந்த மாத்திரையை வீட்டில் ஒருவர் கையால் எடுத்துக் கொடுக்கட்டும்.

• மற்ற மாத்திரைகளுக்கு ஏழு நாள் டப்பா வாங்கி வையுங்கள். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரண்டாகப் போடக் கூடாது, மருத்துவரிடம் கேளுங்கள்.

• அடுப்பு வேலைக்குக் கைப்பேசியில் அலாரம் வையுங்கள். சாவி, கண்ணாடி, மருந்துச் சீட்டு எல்லாவற்றுக்கும் ஒரே இடம் இருக்கட்டும்.

• கணக்கு, வங்கி வேலை போன்றவற்றைத் தெம்பு இருக்கும் நேரத்தில், ஒவ்வொன்றாக முடியுங்கள்.

• ரமலான் வரும் முன்பே மருத்துவரைப் பாருங்கள். நோன்பு வைக்கலாமா, எந்த மாத்திரையைச் சஹருக்கும் எதை இஃப்தாருக்கும் மாற்றலாம் என்று கேளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அதைப் பயன்படுத்துவதில் குற்றவுணர்ச்சி வேண்டாம்.

திடீரென ஆள் அடையாளம் தெரியாமல் பேசுவது, வலிப்பு, ஒரு பக்கம் கை கால் விழுந்துபோவது, வாய் கோணுவது, தாங்க முடியாத தலைவலி ஆகியவை சாதாரண மறதியில் சேராது. லூபஸ் நோயாளிகளில் சிலருக்கு இரத்தம் உறைந்து பக்கவாதம் வரக்கூடும். ஓதிப் பார்ப்பதற்காகக் காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். துஆவை வண்டியில் போகும்போதும் கேட்கலாம்.

எங்கே போவது? கோவளம், மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம் பக்கம் இருப்பவர்கள் முதலில் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவில் காட்டலாம். வாதநோய்க்கெனத் தனித் துறை சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இருக்கிறது. செங்கல்பட்டிலிருந்து கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் ஏறி பூங்கா நிலையத்தில் இறங்கினால் மருத்துவமனை பக்கத்திலேயே. பழைய சீட்டுகளையும் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள். மறந்துபோன சம்பவங்களை நான்கைந்து வரியில் எழுதி, துணைக்கு ஒருவரையும் அழைத்துப் போங்கள். நோயாளிக்கு நினைவில்லாததை உடன் வருபவர் சொல்லலாம்.

இவ்வளவுக்கும் மேலாக, "இதுகூடவா மறந்துபோச்சு?" என்று கேட்பதை நாம் நிறுத்த வேண்டும். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பல பெண்கள் வெளியே சொல்லாமல் இருக்கிறார்கள். மறந்ததைத் திட்டாமல் நினைவுபடுத்துவதும் நோயாளிக்குச் செய்யும் பணிவிடைதான்.

அல்லாஹ் நோயாளிகள் அனைவருக்கும் பூரண ஷிஃபாவையும், அவர்களைக் கவனிப்பவர்களுக்குப் பொறுமையையும் தருவானாக. ஆமீன்.