சட்டத்துக்கும் தொழிலாளிக்கும் நடுவே நிற்கும் நிர்வாகம்

நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரி வெட்டும் தொழிலாளியின் உயிர்ப் பாதுகாப்பை மேற்பார்க்கும் உத்தியோகஸ்தர், தன்பாத் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககத்துக்குக் கட்டுப்பட்டவர். அந்த நிலக்கரியையே எரித்து மின்சாரம் உற்பத்தி செய்யும் அனல் மின் நிலையத்தில், கொதிகலனுக்கு முன் நிற்கும் தொழிலாளியின் பாதுகாப்பையோ தமிழ்நாட்டுத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் கவனிக்கிறது. ஊரும் ஒன்று, நிறுவனமும் ஒன்று. ஆனால் முன்னவர் மத்திய சர்க்காரின் கண்காணிப்பிலும் பின்னவர் மாநில சர்க்காரின் கண்காணிப்பிலும் இருக்கிறார்கள். இது யாரோ கவனக்குறைவாகச் செய்துவிட்ட ஏற்பாடு அன்று. சுரங்கங்களிலும் எண்ணெய் வயல்களிலும் தொழிலாளர் பாதுகாப்பை மத்தியப் பட்டியலில் வைத்த நமது அரசியல் சாசனம், தொழிற்சங்கம், தொழில் தகராறு, சமூகப் பாதுகாப்பு, தொழிலாளர் நலன் ஆகிய விஷயங்களைப் பொதுப் பட்டியலில் சேர்த்து, இரு சர்க்கார்களுக்கும் அவற்றில் அதிகாரம் அளித்திருக்கிறது. ரயில்வே, பெரிய துறைமுகங்கள், வங்கிகள், சுரங்கங்கள் முதலியவற்றின் தகராறுகள் மத்தியத் தலைமைத் தொழிலாளர் ஆணையரிடம் செல்லும். பஞ்சாலை, தோல் பதனிடும் தொழிற்சாலை, மோட்டார் கம்பெனி, ஜவுளிக்கடை, ஓட்டல் என்று மக்கள் பெருந்திரளாக வேலை செய்யும் இடங்களெல்லாம் மாநிலத் தொழிலாளர் துறையின் பார்வைக்கு உட்பட்டவை. சட்டங்களைப் பெரும்பாலும் பாராளுமன்றம் இயற்றுகிறது. அவற்றை அமுல் நடத்தும் பாரமோ பெரும்பாலும் மாநிலங்களின் தோளில் விழுகிறது.

1978-ஆம் ஆண்டில் ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் ஏற்றுக்கொண்ட 150-ஆவது உடன்படிக்கை, தொழிலாளர் நிர்வாகம் என்பது ஓர் அமைச்சரகத்தின் கட்டிடத்தோடு முடிந்துவிடுவதன்று என்று தெளிவாகக் கூறுகிறது. கொள்கையை வகுப்பது, அதை அமுல் செய்வது, அமுலாயிற்றா என்று பரிசீலிப்பது, பல்வேறு அலுவலகங்களின் காரியங்களை ஒன்றோடொன்று இணைப்பது, முதலாளிகளையும் தொழிலாளர்களையும் கலந்தாலோசிப்பது ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். நிர்வாகத்தை நடத்தும் உத்தியோகஸ்தர்கள் தக்க பயிற்சி பெற்றவர்களாகவும், முறையற்ற வெளிச் செல்வாக்குக்கு உட்படாதவர்களாகவும், கடமையைச் செய்வதற்கு வேண்டிய பொருள் வசதி உடையவர்களாகவும் இருக்கவேண்டும் என்ற அதன் ஷரத்தே என் அபிப்பிராயத்தில் எல்லாவற்றிலும் பிரதானமானது.

நமது தேசத்தில் தொழிலாளர் நிர்வாக அமைப்பு ஒரே நாளில் உருவானதன்று. சென்னையில் 1918-ஆம் ஆண்டிலேயே தொழிற்சங்கம் தோன்றிவிட்டது. ஆனால் 1921-இல் பெரம்பூர் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளில் மூண்ட வேலைநிறுத்தம் துப்பாக்கிச் சூடு வரை சென்றபோது, இரு தரப்பாரையும் உட்காரவைத்துப் பேசுவதற்குச் சட்டபூர்வமான சமரச ஏற்பாடு ஏதும் இருக்கவில்லை. தொழிலாளர் நிலையை ஆராய்ந்த விட்லி கமிஷன் 1931-இல் வெளியிட்ட அறிக்கை, சமரச ஏற்பாட்டிலுள்ள குறைகளை எடுத்துக்காட்டியது. 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் இலாகாவை ஏற்றிருந்த டாக்டர் அம்பேத்கரின் காலத்தில்தான், தலைமைத் தொழிலாளர் ஆணையரின் அமைப்பு 1945-இல் ஏற்பட்டது. மறுவருஷம் சிம்லாவில் தொடங்கப்பெற்ற தொழிலாளர் புள்ளிவிவரப் பணியகம், தொழிலாளர் குடும்பங்கள் வாங்கும் பண்டங்களின் விலையைக் கணக்கிட்டு மாதந்தோறும் குறியீட்டெண் வெளியிடுகிறது. பஞ்சப்படி ஏறுவதற்கு அடிப்படையாக நிற்பது இந்த எண் என்பதை நினைக்கும்போது, புள்ளிவிவரம் சேகரிப்பதும் தொழிலாளர் நிர்வாகத்தின் உயிர்நிலைகளில் ஒன்றே என்பது விளங்கும்.

ஆயினும் நிர்வாகத்தின் முகத்தைத் தொழிலாளி நேரில் காண்பது இரண்டே இடங்களில்தான். ஒன்று சமரச அதிகாரியின் அறை. ஒரு மேஜை, இரு பக்கமும் நாற்காலிகள். ஒரு பக்கம் கம்பெனியின் மனிதவள அதிகாரி, மறுபக்கம் சங்கத் தலைவரும் வேலைநீக்கம் செய்யப்பட்ட தொழிலாளியும். இங்கே வக்கீல் ஆஜராவதற்குச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. தொழிலாளி தன் குறையைத் தன் வாயாலேயே சொல்லலாம். அதிகாரிக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் கிடையாது; வரச் சொல்லவும், கேட்கவும், இடம் மாற்றி மாற்றித் தனித்தனியே பேசி இணங்கவைக்கவுமே அவரால் முடியும். இணக்கம் ஏற்பட்டு அவர் முன்னிலையில் கையெழுத்தாகும் ஒப்பந்தத்தை, பழைய தொழில் தகராறு சட்டத்தின் பிரிவு எண்ணைக் கொண்டு, சங்கத்தார் 'பன்னிரண்டு-மூன்று' என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். சங்கத்தில் சேராத தொழிலாளியையும், நாளை வேலைக்கு வரப்போகும் தொழிலாளியையும்கூட அது கட்டுப்படுத்தும். இணக்கம் ஏற்படாவிட்டால் முறிவு அறிக்கை எழுதப்படும். முன்பெல்லாம் அதன் பிறகு, பெரும்பாலான தகராறுகளை நீதிமன்றத்துக்கு அனுப்புவதா வேண்டாமா என்று சர்க்கார் யோசித்துக்கொண்டிருக்கும். அந்தப் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த தொழில் உறவுத் தொகுப்போ சமரசத்துக்கு 45 நாள் கெடு விதித்து, அதற்குப் பின் தீர்ப்பாயத்தை நேரே நாடலாம் என்று வழிவிட்டிருக்கிறது. இது நல்ல மாறுதல் என்றே கொள்ளவேண்டும். எனினும், 1937-இல் ராஜாஜி மந்திரிசபையில் தொழில் மந்திரியாயிருந்தவரும், பின்னர் மத்தியத் தொழிலாளர் அமைச்சராகி, வங்கி ஊழியர்களின் தகராறில் அளிக்கப்பட்ட தீர்ப்பைச் சர்க்கார் மாற்றியதை ஒப்பாமல் 1954-இல் ராஜினாமா செய்தவருமான வி.வி. கிரி, நீதிமன்ற வழக்கைவிட இரு தரப்பாரும் கூடிப் பேசி முடிப்பதே தொழில் அமைதிக்கு உகந்தது என்று ஓயாமல் வாதாடியதை நாம் மறந்துவிடலாகாது.

மற்றொரு இடம் ஆய்வாளரின் வருகை. பகலிலோ இரவிலோ எந்நேரத்திலும், முன்னறிவிப்பின்றி வேலைத்தலத்துக்குள் நுழையும் சுதந்திரம் ஆய்வாளருக்கு வேண்டும் என்பது சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் 1947-ஆம் வருஷத்து 81-ஆவது உடன்படிக்கையின் ஷரத்து; இந்தியா 1949-இலேயே அதை ஏற்று உறுதி செய்தது. இந்த ஷரத்தின் அவசியம் பிரஸ் மெஷின் ஓடும் சிறு பட்டறையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உற்பத்தி வேகத்தைக் கூட்டுவதற்காகக் கழற்றி வைத்த பாதுகாப்புத் தடுப்பு, ஆய்வாளர் வருகிறார் என்ற செய்தி வந்த மாத்திரத்தில் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். வருகைப் பதிவேடும் மிகைநேரப் பதிவேடும் ஒரே பேனாவால் ஒரே மூச்சில் எழுதப்பட்டுவிடும். விரல் போவதோ ஆய்வாளர் வராத நாளில்! இப்போது கணினி எந்த நிறுவனத்தைச் சுட்டுகிறதோ அங்கே செல்வது என்றும், ஆய்வாளரே ஆலோசகராகவும் விளங்குவது என்றும் முறை மாறியிருக்கிறது. ஆலோசனை சொல்வதை அந்த உடன்படிக்கையும் ஆய்வாளரின் கடமைகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. லஞ்சத்துக்கும் அலைக்கழிப்புக்கும் இடமில்லாமற் செய்யவேண்டும் என்பதிலும் இரண்டாவது அபிப்பிராயம் இருக்க முடியாது. ஆனால் எச்சரிக்காமல் கதவைத் தட்டும் உரிமை குறையுமானால், எத்தனை சட்டங்கள் இருந்தும் பிரயோஜனமில்லை.

தொழிற்சாலை மதிலுக்கு வெளியே வேலை செய்வோரையும் நிர்வாகம் அணைத்துக்கொள்ள வேண்டும் என்பதில் தமிழ்நாடு முன்னோடியாக நின்றிருக்கிறது. 1982-ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ், கட்டிட வேலை செய்வோர் முதல் பல வகை உழைப்பாளிகளுக்கு நல வாரியங்கள் ஏற்பட்டன.

இவ்வளவைப் பற்றியும் ஆலோசனை கூறும் உச்ச ஸ்தானத்தில், சர்க்கார், முதலாளிகள், தொழிலாளர்கள் ஆகிய முத்தரப்பாரும் கூடும் இந்தியத் தொழிலாளர் மாநாடு இருக்கிறது. 1942-இல் தொடங்கிய இந்த மாநாட்டின் தீர்மானங்களுக்குச் சட்டத்தின் பலம் இல்லை; ஆனால் மூன்று தரப்பும் சம்மதித்த வார்த்தைக்கு எத்தகைய ஆயுள் உண்டு என்பதற்கு 1957-ஆம் ஆண்டின் 15-ஆவது மாநாடே சாட்சி. சம்பாதிப்பவர் ஒருவரின் குடும்பத்துக்கு மூன்று நுகர்வு அலகுகள், நால்வருக்கு வருஷத்துக்கு 72 கஜம் துணி, அதனோடு வாடகையும் விறகும் விளக்கும் என்று அன்று வகுத்த குறைந்தபட்சக் கூலியின் இலக்கணத்தோடு, குழந்தைகளின் கல்வி, வைத்தியம் முதலியவற்றுக்காக 25 சதவீதம் சேர்த்து உச்ச நீதிமன்றம் பின்னர் உறுதிப்படுத்தியது. இன்றும் கூலிப் பேச்சில் சங்கங்கள் இதையே எடுத்துவைக்கின்றன.

அந்த மாநாட்டின் 46-ஆவது கூட்டம் 2015 ஜூலையில் நடைபெற்றது. அதற்குப்பின் ஒரு முறைகூட அது கூடாமலே, 29 தொழிலாளர் சட்டங்கள் நான்கு தொகுப்புகளாக்கப்பட்டு, 2025 நவம்பர் 21 முதல் அத்தொகுப்புகள் அமுலுக்கு வந்துவிட்டன. இது நியாயமான முறையன்று. தொகுப்புகளின் நன்மை தீமைகளைப் பற்றி மாறுபட்ட அபிப்பிராயங்கள் இருக்கலாம். அவற்றைச் சொல்வதற்கென்றே ஏற்பட்ட சபையை மூடிவைத்திருக்கலாகாது. மத்திய சர்க்கார் மாநாட்டைத் தாமதமின்றிக் கூட்டவேண்டும். மாநில சர்க்கார்கள் ஆய்வாளர் பதவிகளையும் சமரச அதிகாரி பதவிகளையும் காலியாக விடாமல் நிரப்பவேண்டும்.