மீண்ட பொருளும் மீளாப் பொன்னும்

களவுபோன பொருள் காவலர் கையில் அகப்பட்டவுடன் உரியவரின் இன்னல் தீர்ந்துவிடுவதில்லை. வழக்கு முடியுமட்டும் அது அரசின் காப்பில் இருத்தல் கூடும். அங்கே அது தொலைந்தால் ஈடு செய்வார் யார்?

1947-ஆம் ஆண்டில் மீரத் நகருக்குப் பொன்னும் வெள்ளியும் விற்கச் சென்ற வணிகர் ஒருவரை, அவை திருட்டுப் பொருள்களோ என ஐயுற்றுக் காவலர் பிடித்தனர். பின்னர் வெள்ளி திரும்பிற்று. நூறு தோலாவுக்கு மேற்பட்ட பொன் திரும்பவில்லை. பண்டக அறைக்குப் பொறுப்பாயிருந்த தலைமைக் காவலர் அதனைக் கவர்ந்துகொண்டு பாகிஸ்தானுக்கு ஓடிவிட்டார்! வணிகர் உச்ச நீதிமன்றம்வரை சென்றார். காவலரின் அச்செயல் அரசின் இறைமை சார்ந்ததாதலின் அரசு ஈடு தரவேண்டுவதில்லை என 1964-இல் தீர்ப்பாயிற்று. இந்நிலை நீதிபதிகளுக்கே மனநிறைவு அளிக்கவில்லை. சட்டமன்றங்கள் இதனைக் கருதவேண்டும் என்றனர்.

1977-இல் அந்நீதிமன்றமே வேறு வழி கண்டது. மைசூர் மாநிலத்துப் பெண்மணி ஒருவரின் களவுபோன நகைகள் மீட்கப்பட்டுக் காவல் நிலையப் பெட்டியில் வைக்கப்பட்டிருந்தன. பின்னர்ப் பெட்டியில் கற்களே இருந்தன! தக்க காவல் செய்ததாக அரசு மெய்ப்பிக்கவில்லை. எனவே, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படியே, நகைகளின் மதிப்பாக 10,000 ரூபாய் அளிக்குமாறு ஆணை பிறந்தது.

இத்தகைய பொருள்களை 15 நாள் முதல் ஒரு திங்களுக்கு மேல் காவல் நிலையத்தில் வைத்திருத்தல் ஆகாது என்றும், விரிவான பட்டியலிட்டு, படமெடுத்து, பிணை பெற்று, உரியவரிடம் ஒப்படைக்கலாம் என்றும் 2002-இல் அந்நீதிமன்றம் வழிகாட்டியது. இதற்கு உரியவர் நடுவரிடம் மனுச் செய்தல் வேண்டும்.