லான் பவுல்ஸ்: நாலு பேர் டீம்ல உங்க வேலை என்ன?

2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் லவ்லி சவுபே, பிங்கி, நயன்மோனி சைகியா, ரூபா ராணி திர்க்கி ஆகிய நாலு பேரும் தங்கம் வாங்கினப்போதான், 'லான் பவுல்ஸ்னா என்னப்பா?'னு நம்மில் பலர் கூகுள் பண்ணினோம். அந்த கேமை நீங்களும் டீமா ஆடிப் பார்க்கப் போறீங்களா? அப்போ இது உங்களுக்குத்தான்.

ரூல் சிம்பிள். 'ஜாக்' என்ற சின்னப் பந்தை முதலில் உருட்டிவிடுவாங்க. அதுக்குப் பக்கத்தில் உங்க பந்துகளை நிறுத்தணும். எதிரணியின் மிக நெருக்கமான பந்தைவிட, உங்க பந்துகள் எத்தனை ஜாக்குக்குக் கிட்ட இருக்கோ, அத்தனை பாயின்ட். இப்படி ஒரு சுற்று முடிஞ்சா ஒரு 'எண்ட்'. பந்து நேரா போகாது, ஒரு பக்கமா வளைஞ்சுதான் போகும்.

யாருக்கு என்ன வேலை?

லீட்: ஜாக்கை உருட்டுறது இவர்தான். அதை ஒட்டிப் பந்தை நிறுத்தி, நல்ல ஆரம்பம் தரணும்.

செகண்ட்: லீட் சரியா போட்டிருந்தா பலப்படுத்தணும், சொதப்பியிருந்தா சரிபண்ணணும்.

தேர்ட்: ஸ்கிப் பந்து போடும்போது எதிர்முனையில் நின்று வழிகாட்டுவார். யார் பந்து கிட்ட இருக்குனு அளப்பதும் இவர்தான்.

ஸ்கிப்: கேப்டன். மத்தவங்க ஆடும்போது ஜாக் பக்கம் நின்று, எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் போடணும்னு சொல்வார். கடைசிப் பந்துகள் இவருடையவை.

ஜெயிக்க 4 வழிகள்

1. ஜாக்குக்கு முன்னாடியே நின்னுபோற பந்தைவிட, கொஞ்சம் தாண்டி நிற்கிற பந்து மேல். ஜாக்கில் ஏதாவது பந்து மோதினா, அது பெரும்பாலும் பின்னாடிதான் நகரும். அப்போ உங்க பந்து திடீர்னு ஹீரோ!

2. எல்லாப் பந்தையும் ஒரே இடத்தில் குவிக்காதீங்க. எதிரணிப் பந்துகள் பின்னால் கிடந்தா, அங்கே உங்க பந்தும் ஒண்ணு காவலுக்கு இருக்கட்டும்.

3. எதிரணி 4 பாயின்ட் எடுக்கும் நிலையில் இருக்கா? அவங்க முதல் பந்தை அடிச்சுத் தூக்க முயன்று தவறினா, நாலும் போச்சு. அவங்க ரெண்டாவது பந்தைவிடக் கிட்டக்க உங்க பந்தை நிறுத்தினா, சேதாரம் 1 பாயின்ட்தான்.

4. எதிரணிக்குக் குறைந்த தூரம் நல்லா வருதா? நீங்க ஒரு எண்டை ஜெயிச்சதும், அடுத்த எண்டில் ஜாக்கைத் தூரமா உருட்டுங்க. அவங்க கணக்கு மாறிடும்.

பர்மிங்ஹாம் ஃபைனலில் 8-2 என முன்னிலையில் இருந்த இந்தியா, ஒரு கட்டத்தில் 8-10 எனப் பின்தங்கியது. அதுக்குப் பிறகு தென்னாப்பிரிக்காவுக்கு ஒரு பாயின்ட்கூடக் கொடுக்காமல் 17-10 என முடிச்சாங்க.

அதனால ஒரு எண்ட் போச்சேனு பக்கத்தில் இருக்கிறவரை முறைக்காதீங்க. அடுத்த எண்டில் ஸ்கிப் கை காட்டுற இடத்துக்குப் பந்தை அனுப்புங்க. மற்றதை ஸ்கோர்போர்டு பார்த்துக்கும்!