கறுப்புத் தேனீ யார் வீட்டுப் பிள்ளை?

பெரியகுளத்து மாந்தோப்புகளின் மரப்பொந்தில் அடை வைக்கும் அடுக்குத்தேனீக்கு வயிற்றில் மஞ்சள் பட்டை தூக்கலாகத் தெரியும். கும்பக்கரையைத் தாண்டிப் பழனி மலையில் ஏற ஏற, அதே பொந்து, அதே அடுக்கு; தேனீ மட்டும் கறுத்துவிடுகிறது. தென்னிந்தியத் தேனீ வளர்ப்போர் ‘மலை வகை’, ‘சமவெளி வகை’ என்று இவற்றை நெடுங்காலமாகப் பிரித்தே பேசி வந்திருக்கிறார்கள். அறிவியல் ஏடுகளோ இரண்டையும் ‘ஏபிஸ் செரானா இண்டிகா’ என்ற ஒரே பெயரில் அடக்கி வைத்திருந்தன. 2022-இல் கேரளத்தைச் சேர்ந்த ஷானாஸ், அஞ்சு, மஷூர் ஆகிய மூவர் ‘என்டமான்’ ஆய்விதழில் கறுப்பைத் தனி இனம் என அறிவித்து ‘ஏபிஸ் கரிஞொடியன்’ என்று பெயரிட்டார்கள். மஞ்சளையும் ‘ஏபிஸ் இண்டிகா’ என்ற பழைய பெயரில் தனி இனமாக மீட்டார்கள். இந்தியாவில் 224 ஆண்டுகளுக்குப் பின் ஒரு புதிய தேனீ என்று செய்தித்தாள்கள் கொண்டாடின. கொண்டாடட்டும். ஆனால் இரண்டு வகை உண்டா என்பது ஒரு கேள்வி. அவை இரண்டு இனமா என்பது வேறு. கறுப்புக்கு உரிய பெயர் எது என்பது முற்றிலும் வேறு. முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்று தயங்காமல் சொல்லலாம். அந்த ஒரு ‘ஆம்’ மற்ற இரண்டையும் தீர்த்துவிடாது.

பெயரை முதலில் பார்ப்போம், ஏனென்றால் அங்கேதான் சுவை அதிகம். உயிரினப் பெயரிடலில் பொருத்தம் செல்லாது, முந்தியதுதான் செல்லும். ஐரோப்பியத் தேனீக்கு லின்னேயஸ் 1758-இல் ‘மெல்லிஃபெரா’ என்று பெயரிட்டார். ‘தேன் சுமப்பது’ என்று பொருள். தேனீ சுமப்பது பூமதுவை, தேனைக் கூட்டில்தான் செய்கிறது என்று பிறகு யோசித்து, 1761-இல் ‘மெல்லிஃபிகா’, அதாவது ‘தேன் செய்வது’, என்று திருத்தினார். திருத்தம் எடுபடவில்லை, பிழையான பெயரே நிலைத்தது. அவருடைய மாணவர் ஃபாப்ரிசியஸ் 1793-இல் ‘செரானா’ என்று பெயரிட்டது சீனத்துத் தேனீக்கு. 1798-இல் இந்தியத் தேனீக்கு ‘இண்டிகா’ என்றார். கோரமண்டல் கரையின் பூச்சிகள் பல தரங்கம்பாடியின் டேனிஷ் குடியிருப்பு வழியாக அவர் கைக்குப் போயின. கதை அதோடு முடியவில்லை. 1844-இல் பிரெஞ்சுக்காரர் கெரான்-மெனவில் இந்தியத் தேனீக்களுக்கு ‘டெலெசெர்ட்டி’, ‘பெரோத்தெட்டி’ என இரு பெயர்கள் தந்தார். டெலெசெர், பெரோத்தே இருவருமே நீலகிரியில் சுற்றி மாதிரிகள் சேர்த்தவர்கள். பின்னால் வந்தவர்கள் இரண்டையும் இண்டிகாவின் மறுபெயர்கள் என்று ஒதுக்கினார்கள். மஞ்சளும் கறுப்பும் ஒன்றே என்று நம்பும்வரை அதில் தவறில்லை. இரண்டு இனம் என்று பிரித்த அடுத்த கணமே அந்தக் கோப்பு மறுபடி திறக்கிறது. பெயர் பெற்ற மாதிரிகளில் ஒன்று மலையின் கறுப்புத் தேனீயாக இருந்தால் 1844 வெல்லும், 2022 தோற்கும். கரிஞொடியன் என்ற, ‘கரி’யின் நிறம் ஒலியிலேயே தெரியும் பெயர் எனக்குப் பிடித்ததுதான். சட்டத்துக்குப் பிடித்தம் கிடையாது.

இனி, இனம். குளிரில் நிறம் கறுக்கும், அதற்குப் போய் தனி இனமா என்று கேட்பவர்கள் உண்டு. நிறம் ஒன்றே சான்றாக இருந்தால் அவர்கள் சொல்வதே சரி. ஆனால் தாய்வழி மட்டுமே இறங்கும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.விலும் இரண்டும் வேறுபடுகின்றன. 2006-இல் ஓல்ட்ராய்டு குழு தென்னிந்தியாவின் இந்த இரு நிறங்களுக்கும் இடையே இனக்கலப்புத் தடை இருப்பதற்கான சான்றுகளை முன்வைத்தது. 2022 கட்டுரை பெரிதும் சார்ந்திருப்பது சிறகு நரம்புகளின் நீள விகிதத்தை. அதில்தான் எனக்கு நெருடல். அடுக்குத்தேனீ ஆப்கானிஸ்தான் தொட்டு ஜப்பான்வரை பரவியது. அளவுகள் இடத்துக்கு இடம் மெல்ல மெல்ல மாறுவது தெரிந்ததே. தேனீ ஆய்வாளர் ருட்னர் 1988-இல் இதே வகை அளவீடுகளைக் கொண்டு நான்கு துணையினங்களைத்தான் வகுத்தார், நான்கு இனங்களை அல்ல. அளவு எவ்வளவு விலகினால் இனம் என்பதற்கு அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரே இடத்தில் வாழ்ந்தும் கலக்காமல் இருக்கின்றனவா என்பதே உரைகல். மலைத்தேனீ என்ற வேறோர் இனத்தின் இமயத்து உறவான ‘லாபோரியோசா’ இப்படித்தான் தனி இனமாக உறுதிப்பட்டது. 1871-இல் பெயரிடப்பட்டும் நெடுங்காலம் பலர் அதைத் துணையினமாகவே நடத்தினார்கள். வடகிழக்கிலும் அண்டை நாடுகளிலும் பல இடங்களில் இரண்டும் அருகருகே வாழ்ந்தும் தனித்தே இருப்பதை 2020 ஆய்வு காட்டிய பிறகு அந்த வழக்கு ஏறக்குறைய முடிந்தது.

பெயரில் என்ன, தேன் இனித்தால் போதாதா என்ற கேள்விக்கு 1990-களின் தொடக்கம் பதில் சொல்லும். தாய்லாந்து சாக்புரூட் வைரஸ் அப்போது தென்னிந்தியாவின் அடுக்குத்தேனீப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றைக் காலி செய்தது. எந்த வகை எவ்வளவு தாங்கியது என்று கணக்குப் பார்க்கக்கூட வகைகளுக்குத் தனித்தனிப் பெயர் வேண்டும். ஏலத்தோட்டங்களின் காய்ப்பு இந்தத் தேனீயை நம்பியிருக்கும் கம்பம் பள்ளத்தாக்கு ஓரத்தில் இது ஏட்டுப் பிரச்சினை அல்ல.

மஞ்சளும் கறுப்பும் தனித்தனி இனமா என்ற வழக்கை விசாரிக்கப் பெரியகுளத்தைப் போல வாய்ப்பான ஊர் அரிது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டரில் ஊர். 2,000 மீட்டருக்கு மேல் கொடைக்கானல். நேர்கோட்டில் இரண்டுக்கும் இடையே இருபது கிலோமீட்டர்கூட இல்லை. பெட்டிகளை ஊர் ஊராகக் கொண்டுபோகும் வளர்ப்போர் இரண்டையும் கலந்திருப்பார்களே என்பார்கள். கலந்திருந்தால் சோதனைக்கு அது இன்னும் நல்லது. பக்கத்தில் கொண்டுவந்து வைத்தும் கலக்காதவைதான் தனி இனங்கள். ராணி வானில் பறந்தபடி பல ஆண் தேனீக்களோடு கூடும். கூட்டிலுள்ள ஒவ்வொரு வேலைக்காரத் தேனீயும் ஏதோ ஒரு தந்தையின் மரபணுவைச் சுமக்கும். அடிவாரத்தில் மஞ்சள் ராணியின் கூடுகளிலிருந்து நூறு வேலைக்காரத் தேனீக்களை எடுத்து உட்கரு டி.என்.ஏ.வைப் பார்த்தால், கறுப்புத் தந்தைகள் இருக்கிறார்களா இல்லையா என்று தெரிந்துவிடும். இலங்கையில் கொம்புத்தேனீயின் ஆண்கள் நண்பகலை ஒட்டியும், அடுக்குத்தேனீயின் ஆண்கள் பிற்பகலிலும், மலைத்தேனீயின் ஆண்கள் அந்தியிலும் பறப்பதை ஆய்வாளர் கோனிகர் 1970-களில் நேரம் குறித்தே காட்டினார். மஞ்சள் ஆணும் கறுப்பு ஆணும் எத்தனை மணிக்குப் புறப்படுகின்றன என்பதை அறிய ஆய்வகம்கூட வேண்டாம். மாந்தோப்பு ஓரத்தில் இரண்டு பெட்டிகள், ஒரு கடிகாரம், சில நல்ல வெயில் நாட்கள் போதும்.