விளிம்பில் ஒளிரும் தகடு

இந்தச் சிவப்பு அக்ரிலிக் தகட்டின் விளிம்பைப் பாருங்கள். முகப்பை விட அதுவே பளிச்சென்று தெரிகிறது. உள்ளே கலந்துள்ள சாயம் வெயிலை உறிஞ்சி, நீண்ட அலைநீளத்தில் திரும்ப உமிழ்கிறது. அதில் ஏறத்தாழ முக்கால் பங்கு முழு அக எதிரொளிப்பால் சிக்கி விளிம்புக்கு வரும். அங்கே சூரிய மின்கலங்களை ஒட்டினால் மின்சாரம். மேகமூட்டத்தின் பரவல் ஒளியும் பயன்படும்.

தகடு பெரிதானால்தான் சிக்கல்: உமிழ்ந்த ஒளியைச் சாயமே மறுபடி உறிஞ்சிவிடுகிறது. 2008இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் எட்டிய 7.1 சதவீதத் திறன், 5 சென்டிமீட்டர் சதுரத் தகட்டில், நான்கு விளிம்பிலும் காலியம் ஆர்சனைடு மின்கலங்களோடு கிடைத்தது. இன்றைய சிலிக்கான் பலகைகளோ 20 சதவீதத்தைத் தாண்டுகின்றன. கூரைக்கு இது ஈடாகாது. சன்னலுக்கும் சாலையோர ஒலித்தடுப்புச் சுவருக்கும் பொருந்தும். அத்தகைய சுவரை 2015இல் நெதர்லாந்தின் டென் பாஸ் நகரில் நிறுத்திச் சோதித்தார்கள்.