மண் குவளையும் 114 விக்கெட்டுகளும்

ஜாக்கி ராபின்சனை நம் இளைஞர்கள் பலருக்குத் தெரியும். ‘42’ என்ற ஹாலிவுட் படமே அவரைப் பற்றியதுதான். 1947 ஏப்ரல் 15-ஆம் தேதி புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காகக் களமிறங்கி, அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கறுப்பினத்தவருக்கு அடைபட்டுக் கிடந்த அமெரிக்கப் பேஸ்பாலின் கதவைத் திறந்தவர் அவர்.

ஆனால், பல்வங்கர் பாலு என்று சொன்னால் கிரிக்கெட் பைத்தியங்களான என் நண்பர்களே “யார் அது?” என்கிறார்கள். ராபின்சனுக்குப் பல ஆண்டுகள் முன்பே, இந்தியாவில் அதே போராட்டத்தை நடத்தியவர் அவர்.

1876-இல் தார்வாடில், தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தார் பாலு. புனேயில் ஐரோப்பியர் கிளப் ஒன்றில் ஆடுகளத்தைப் பராமரிப்பது வேலை. மாதச் சம்பளம் நான்கு ரூபாய். வெள்ளைக்காரர்களின் பயிற்சிக்காக மணிக்கணக்கில் பந்து வீசினார். மட்டையை மட்டும் அவர் கையில் யாரும் கொடுக்கவில்லை. அந்தப் பயிற்சிதான் அவரை இந்தியாவின் தலைசிறந்த இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர் ஆக்கியது.

ஐரோப்பியரை வெல்ல வேண்டுமே என்று இந்து கிளப் அவரைச் சேர்த்துக்கொண்டது. திடலில் எல்லாரும் ஒரே பந்தைத் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மற்றவர்களுக்கு உள்ளே பீங்கான் கோப்பை; பாலுவுக்கு வெளியே மண் குவளை.

அவர் பந்தாலேயே பதில் சொன்னார். 1906-இல் பம்பாயில் இந்துக்கள் அணி ஐரோப்பியரை 109 ரன் வித்தியாசத்தில் வீழ்த்தியபோது, அந்த வெற்றியில் அவருக்குப் பெரும் பங்கு. 1911-இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக 114 விக்கெட்டுகள் எடுத்தார்.

இவ்வளவு சாதித்தும் அணித் தலைவர் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. திறமைக்குத் திறந்த கதவு, தலைமைக்குத் திறக்கவில்லை. 1923-இல் அவருடைய தம்பி விட்டல்தான் இந்துக்கள் அணியின் தலைவரானார். பாலு வாங்கிய அடிகளின் மேல் நின்று கிடைத்த பதவி அது. பாலு 1955-இல் காலமானார்.

நம் பினாங்கில், எஸ்பிளனேட் திடலைக் கடக்கும்போது எனக்கு இவர் நினைவு வருவதுண்டு. ஆங்கிலேயர் காலத்தில் இங்கும் ஐரோப்பியருக்கு ஒரு கிளப், மற்றவர்களுக்கு வேறு கிளப். அந்தக் காலம் போய்விட்டது. அதே திடலில் இன்று எல்லா இனப் பிள்ளைகளும் சேர்ந்து ஓடுகிறார்கள்.

மண் குவளையும் போய்விட்டதா? தமிழர்களாகிய நாம் ஒரே மேசையில் தே தாரிக் குடிக்கிறோம், ஒரே பந்தியில் சாப்பிடுகிறோம். கல்யாணப் பேச்சு வந்தால் மட்டும், “அவங்க என்ன ஆளுங்க?” என்ற கேள்வி மெல்ல எட்டிப் பார்க்கிறது. பிள்ளைகளுக்கு ராபின்சன் கதையைச் சொல்லுங்கள். பாலுவின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். அமெரிக்காவின் நிறவெறியைக் கண்டிப்பது எளிது. நம் வீட்டுக் குவளையைப் பார்ப்பதுதான் கடினம்.